பயணக் கார்டா, மளிகைக் கார்டா? தென்னூர்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தென்னூர்க் குடும்பத்தாருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை காலை நம் உழவர் சந்தையில் சுரைக்காய் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த பெண் ஒருத்தி வந்து நின்றாள். இப்போது அவளுக்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "டீச்சர், ரெண்டு கார்டு சொல்றாங்க. ஒண்ணு டிராவலுக்காம், இன்னொண்ணு மளிகைக்காம். எதை வாங்கறது?" என்று கேட்டாள். கூடையும் கையுமாக நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதே வாரத்தில் எதிர் வீட்டுத் தம்பியும், புத்தூர் நாலு ரோட்டிலிருந்து தையலுக்கு வரும் அம்மாவும் அதையே கேட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் தங்கை போனிலேயே கேட்டுவிட்டாள். ஆகவே எல்லாருக்குமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வங்கியில் வேலை பார்த்தவள் இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். கல்யாணமான மாதத்திலிருந்து வரவு செலவு நோட்டு எழுதி வருகிறேன். இந்த மடலில் இருப்பதெல்லாம் அந்த நோட்டும், கார்டு நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் விதிகளும், கூட்டல் கழித்தலும்தான்.

நம் தெருக்களில் 'கார்டு' என்றால் வெகுகாலம் ஒரே பொருள், ரேஷன் கார்டு. அரிசியும் சர்க்கரையும் அதில் வந்தன. அதற்கு அடுத்தபடி கடனுக்கென்று ஒரு நோட்டு இருந்தது. முனை மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்திருந்தோம். சாமான் வாங்கும்போது கடைக்காரர் எழுதிக்கொள்வார், சம்பளத் தேதிக்குத் தீர்ப்போம். வட்டி கிடையாது. தீர்க்கிற அன்று பிள்ளைகள் கையில் ஒரு கடலை மிட்டாய் வரும். காய்கறிக்காரம்மாவிடம் வாங்கினால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறு. இன்றைக்குக் கிரெடிட் கார்டில் ரிவார்டு பாயிண்ட் என்று சொல்வதும் கொசுறுதான். அந்தக் காலத்துக் கொசுறைக் காய்கறிக்காரம்மா தன் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இந்தக் கொசுறு யார் கூடையிலிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.

இரண்டு கூடைகளிலிருந்து வருகிறது. முதலாவது கடைக்காரருடையது. கிரெடிட் கார்டில் 1,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் அவர் கையில் ஏறக்குறைய 980 ரூபாய்தான் சேரும். மீதி வங்கிகளுக்கும் கார்டு நிறுவனத்துக்கும் போகும் கழிவு. அதில் ஒரு பங்குதான் எனக்குப் பாயிண்டாகத் திரும்புகிறது. அரிசியிலும் பருப்பிலும் சர்க்கரையிலும் சின்னக் கடைக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு அந்த 20 ரூபாயின் கனம் புரியும். நேரடியாக வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ-யில் அனுப்பினால் அவருக்கு இந்தக் கழிவு இல்லை. 2020 ஜனவரி முதல் அதுதான் விதி. காந்தி மார்க்கெட் பக்கம் கார்டை நீட்டினால் "ரெண்டு பர்சென்ட் சேத்துக் குடுங்க" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். ஒரு சதவீதக் கொசுறுக்காக இரண்டு சதவீதம் கூட்டிக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இரண்டாவது கூடை, பில் தொகையை முழுதாகக் கட்ட முடியாதவர்களுடையது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

முதலில் மளிகைக் கார்டு. என் நோட்டிலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டுச் செலவு மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உழவர் சந்தைக் காய், கீரை, பழம் 3,200. பாலும் தயிரும் 2,400. காந்தி மார்க்கெட்டில் வாங்கும் அரிசி 1,500. செக்கு எண்ணெயும் பூவும் இதர சில்லறையும் 900. மிச்சம் 4,000 ரூபாய்தான் பில் போடும் பெரிய கடையில் செலவாகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு. மளிகைக் கார்டு வேலை செய்யும் இடம் அந்த 4,000 மட்டும்தான். விளம்பரத் துண்டுச் சீட்டில் '12,000 ரூபாய் மளிகைக்கு இவ்வளவு திரும்பக் கிடைக்கும்' என்று போட்டிருந்தால், அதை நம் ஊர்க் குடும்பத்துக்கு மூன்றால் வகுத்துப் படிக்க வேண்டும்.

ஏன் என்றால், சந்தையில் கீரை விற்கும் விவசாயி காட்டும் க்யூஆர் பெரும்பாலும் அவருடைய சொந்தக் கணக்கு. 2022 செப்டம்பர் 20 அன்று ரூபே கிரெடிட் கார்டை யூபிஐ-யில் இணைக்கும் வசதி தொடங்கப்பட்டது. ஆனால் அது வணிகர் என்று பதிவு செய்த க்யூஆருக்கு மட்டுந்தான் செல்லும். ஆளுக்கு ஆள் அனுப்பும் கணக்குக்குப் போகாது. விசா, மாஸ்டர்கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது. கார்டில் பாயிண்ட் வர வேண்டும் என்பதற்காகச் சந்தையை விட்டுக் குளிரூட்டிய கடைக்குப் போய், இரண்டு நாள் பழைய கத்தரிக்காயைக் கூடுதல் விலைக்கு வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. சந்தையில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்ததிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடி அது. எந்தக் கார்டும் அதற்கு ஈடில்லை.

பெரிய கடையிலும் ஒரு நுட்பம் உண்டு. நாம் வாங்கியது துவரம்பருப்பு என்பது வங்கிக்குத் தெரியாது. கடையின் ஸ்வைப் மெஷினுக்குக் கொடுத்திருக்கும் நான்கு இலக்க எண்ணை வைத்துத்தான் அது மளிகையா இல்லையா என்று முடிவு செய்யும். மளிகைக் கடை, சூப்பர் மார்க்கெட் என்றால் 5411. பலசரக்கும் துணியும் பாத்திரமும் சேர்ந்து விற்கும் கடை என்றால் 5311. நம் ஊரில் கீழ்த் தளத்தில் மளிகை, மேலே ஜவுளி, அதற்கு மேலே பாத்திரம் என்று அடுக்கிய கடைகள் எத்தனை! அங்கே பில் கவுண்டரில் வைத்திருக்கும் மெஷின் ஜவுளிக்கான எண்ணில் இருந்தால், நீங்கள் வாங்கிய உளுந்துக்கு மளிகைச் சலுகை வராது. சண்டை போட்டும் பயனில்லை. வழக்கமாகப் போகும் கடையில் முதலில் 100 ரூபாய்க்கு ஏதாவது வாங்கிப் பாருங்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் எத்தனை பாயிண்ட் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மாதச் சாமானை அந்தக் கார்டில் வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

இப்போது அந்த 4,000 ரூபாயை, வருடத்துக்கு 48,000 ரூபாயை, சில கார்டுகளில் போட்டுப் பார்ப்போம். விதிகள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் அன்று அந்தந்த நிறுவனத்தின் தாளை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. சாதாரணக் கடைகளில் 1 சதவீதம் திரும்பத் தருகிறது. வருடத்துக்கு 480 ரூபாய். கழிக்க ஒன்றுமில்லை, 480 அப்படியே நிற்கும்.

பாரத் பெட்ரோலியத்தோடு சேர்ந்து எஸ்பிஐ கார்டு தரும் பிபிசிஎல் கார்டில் மளிகைக்கு 100 ரூபாய்க்கு 5 பாயிண்ட். கேட்க நன்றாக இருக்கிறது. 4 பாயிண்ட் சேர்ந்தால்தான் 1 ரூபாய் என்பதைச் சேர்த்துப் படித்தால் அது 1.25 சதவீதம். 48,000-க்கு 600 ரூபாய் வரும். ஆண்டுக் கட்டணம் 499, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 588 ரூபாய் 82 காசு. வரவேற்பாகத் தரும் பாயிண்டை ஒதுக்கிவிட்டால் மளிகையில் மட்டும் முதல் வருட மிச்சம் 11 ரூபாய் சொச்சம். ஆனால் வண்டிக்கு அந்த நிறுவனத்தின் பங்கில் மாதம் 2,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவர்களுக்கு 100-க்கு 13 பாயிண்ட் என்ற கணக்கில் வருடம் 780 ரூபாய் சேரும். வருடச் செலவு 50,000 ரூபாயைத் தாண்டினால் கட்டணத்தையும் திருப்பித் தருகிறார்கள். இரண்டு சக்கர வண்டியும் மாதச் சாமானும் உள்ள வீட்டுக்கு இது பொருந்தும். வண்டி இல்லாத என்னைப் போன்றவளுக்குப் பொருந்தாது.

எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு இணையத்தில் வாங்கினால் 5 சதவீதம், கடையில் வாங்கினால் 1 சதவீதம் தருகிறது. கட்டணம் 999, வரியோடு 1,179. கடைக்கு நேரில் போய் வாங்கும் நமக்கு 480 வரவு, 1,179 செலவு. எச்எஸ்பிசி-யின் லைவ் பிளஸ் கார்டுதான் மளிகைக்கு 10 சதவீதம் தருகிறது, மாதம் 1,000 ரூபாய் வரை. நம் 4,000-க்கு மாதம் 400, வருடம் 4,800. வரியோடு கட்டணம் 1,179 போனால் 3,621 மிச்சம். தாளில் பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் தமிழ்நாட்டில் அந்த வங்கிக்குக் கிளைகள் சென்னையிலும் கோவையிலும்தான். திருச்சி முகவரிக்குத் தருவார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள். கேட்காமல் விண்ணப்பித்து மறுத்துவிட்டால், அந்த விண்ணப்பம் உங்கள் சிபில் பதிவில் நிற்கும்.

அடுத்தது பயணம். நம் வீடுகளில் பயணம் என்றால் என்ன? மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், பல்லவன், வைகை, இப்போது வந்தே பாரத். சென்னையில் பிள்ளை வீடு, மதுரையில் சம்பந்தி வீடு, வருடத்துக்கு ஒரு கோயில் யாத்திரை. விமானம் ஏறுவது சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மகனோ மகளோ இருப்பவர்கள். முதலில் ரயிலைப் பார்ப்போம். அதுதான் பெரும்பாலோருக்கு.

ஐஆர்சிடிசி எஸ்பிஐ பிளாட்டினம் கார்டு ரயில் டிக்கெட்டில் 10 சதவீதம் வரை பாயிண்டாகத் தருகிறது. ஒரு பாயிண்டுக்கு ஒரு ரூபாய், அதைக் கொண்டு ரயில் டிக்கெட் எடுக்கலாம். முதல் வருடக் கட்டணம் 500, வரியோடு 590. இதைக் கேட்டதும் வாங்கிவிடத் தோன்றும். அந்த 10 சதவீதம் ஏசி முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்கும் ஏசி சேர் காருக்கும் எக்சிகியூட்டிவ் சேர் காருக்கும்தான் என்பது கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. ஸ்லீப்பருக்குக் கிடையாது. ஐஆர்சிடிசி தளத்திலோ அதன் செயலியிலோ எடுக்க வேண்டும். ஜங்ஷன் கவுண்டரில் வரிசையில் நின்று எடுத்தால் அந்தப் பாயிண்ட் இல்லை.

கணவனும் மனைவியும் வருடத்துக்கு நான்கு தடவை சென்னை போய்வருகிறார்கள் என்போம். 16 டிக்கெட். மூன்றாம் ஏசி 650 ரூபாய் என்று வைத்தால் 10,400 ரூபாய், பாயிண்ட் 1,040, கட்டணம் போக 450 ரூபாய் மிச்சம். அதே தம்பதி ஸ்லீப்பரில் 250 ரூபாய்க்குப் போனால் மொத்தம் 4,000. அதற்கு 125 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட் என்ற சாதாரணக் கணக்குத்தான், 32 ரூபாய். கிரெடிட் கார்டுக்கு ஐஆர்சிடிசி பிடிக்கும் 1 சதவீதமும் மிச்சமாகும், அது 40 ரூபாய். ஆக 72 ரூபாய்க்காக 590 கட்ட வேண்டும். நம் தெருவில் எத்தனை பேர் ஸ்லீப்பரில் போகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. அதே தளத்தில் யூபிஐ-யில் கட்டினால் சேவைக் கட்டணமே ஸ்லீப்பருக்கு 15 ரூபாயிலிருந்து 10 ஆகவும், ஏசிக்கு 30-லிருந்து 20 ஆகவும் குறையும். அதன் மேல் வரி மட்டும் தனி. இதற்கு எந்தக் கார்டும் வேண்டாம்.

இனி விமானம். 2024 ஜனவரி 2 அன்று திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார், ஜூன் 11 முதல் அது இயங்குகிறது. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் துபாய்க்கும் இங்கிருந்தே ஏறலாம். சென்னைக்குப் போய் அலைந்த காலம் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. அதனால்தான் விமானக் கார்டு விற்பவர்களும் இப்போது நம் பக்கம் வருகிறார்கள்.

விமான நிறுவனங்கள் பாயிண்டு கொடுப்பது நாற்பது வருடத்துக்கும் மேலான பழக்கம். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய திட்டம்தான் இன்றைய மைல் கணக்குக்கெல்லாம் மாதிரி. மாதத்துக்கு நாலு முறை வேலை விஷயமாகப் பறக்கும் ஆளைத் தன்னோடு நிறுத்திக்கொள்வது அதன் நோக்கம். வருடத்துக்கு ஒரு தடவை பேரனைப் பார்க்கப் போகும் பாட்டியை நினைத்துச் செய்ததில்லை. நீங்கள் இந்த இரண்டு பேரில் யார் என்பதுதான் முதல் கேள்வி.

ஆக்சிஸ் வங்கியின் அட்லஸ் கார்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கட்டணம் 5,000, வரியோடு 5,900. விமான நிறுவனத்திடம் நேரடியாக டிக்கெட் எடுத்தால் 100 ரூபாய்க்கு 5 மைல், மற்றச் செலவுக்கு 2 மைல். வங்கியின் பயணத் தளத்தில் ஒரு மைலுக்கு ஒரு ரூபாய். இருவர் சிங்கப்பூர் போய்வர 40,000 ரூபாய் என்றால் 2,000 மைல், அதாவது 2,000 ரூபாய். கட்டணத்தை எட்ட வருடத்துக்கு 1,18,000 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். இந்த மைலைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் கணக்குக்கு இரட்டிப்பாக மாற்றி, அதன் துணை நிறுவனமான ஸ்கூட்டிலும் பயன்படுத்தலாம் என்பது உண்மைதான். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, அடிக்கடி பறப்பவர்களுக்கு, அது நல்ல கார்டு. நம்மில் பலர் சிங்கப்பூர் டிக்கெட்டை எப்படி எடுக்கிறோம்? தில்லைநகரில் தெரிந்த ஏஜென்டிடம் சொல்லி எடுக்கிறோம். ஏஜென்டின் எண் 4722, விமான நிறுவனத்தின் எண் 4511. ஏஜென்டிடம் கார்டைத் தேய்த்தால் விமான நிறுவனத்துக்கான 5 மைல் வராது.

சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பிறகும் செலவு இருக்கிறது. முஸ்தபா சென்டரில் பேரனுக்கும் உறவுக்கும் சாமான் வாங்குவோம். பெரும்பாலான கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும், அதற்கு ஜிஎஸ்டி தனி. மொத்தம் 4.13 சதவீதம். 50,000 ரூபாய்க்கு வாங்கினால் 2,065 ரூபாய். டிக்கெட்டில் வந்த 2,000 அங்கேயே தீர்ந்துவிடும். மெஷினில் 'இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிச் சிங்கப்பூர் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விலையை அவர்கள் இஷ்டத்துக்குப் போடுவார்கள்.

மைலை வருடக்கணக்கில் சேர்த்து வைப்பதிலும் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. அதன் மைலைச் சேர்த்து வைத்தவர்கள் அதை வேறு பெயரில் வேறு உபயோகத்துக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு சேர்ந்தது, அந்தப் பெயரில் இருந்த கார்டுகளின் சலுகைகளும் முடிவுக்கு வந்தன. எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்தது. மகள் சிங்கப்பூர் போன புதிதில் என் கணவர் ஒரு பயணக் கார்டு வாங்கினார். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். மூன்று வருடம் கட்டணம் கட்டி, பாயிண்ட் சேர்த்து, டிக்கெட்டுக்குப் பயன்படுத்தப் போன அன்று பார்த்தால் முக்கால்வாசி காலாவதி ஆகியிருந்தது. வீட்டில் கட்டிய கட்டணத்தையும் பயன்படுத்திய பாயிண்டையும் நோட்டில் எதிரெதிராக எழுதினேன். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

இனி நான் முன்பு சொன்ன இரண்டாவது கூடை.

என் பழைய மாணவர் ஒருவர். நல்ல பையன், நல்ல வேலை. பாயிண்டுக்காகத்தான் கார்டு எடுத்தார். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் வந்த மாதம் பில் முழுதும் கட்ட முடியவில்லை. தாளில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருந்தது, அதைக் கட்டினார். அடுத்த மாதமும் அதையே கட்டினார். என்னிடம் வந்தபோது பாக்கி 60,000 ரூபாய். மாதம் 3.5 சதவீத வட்டி. சதவீதம் சின்னதாகத் தெரியும், வருடத்துக்கு 42. 60,000-க்கு மாத வட்டி 2,100, அதற்கு ஜிஎஸ்டி 378, ஆக 2,478. அவர் கட்டியது 5 சதவீதம், 3,000 ரூபாய். அசலில் குறைந்தது 522 ரூபாய். இதற்கு மேல் இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பாக்கி இருக்கும் காலத்தில் புதிதாக வாங்கும் சாமானுக்கு வட்டியில்லா நாள்கள் கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். அந்த மாதம் அவர் வாங்கிய எண்ணெய்க்கும் பருப்புக்கும் சேர்த்து வட்டி ஓடிக்கொண்டிருந்தது. கார்டில் அதுவரை சேர்ந்திருந்த பாயிண்டின் மதிப்பு 475 ரூபாய்.

கட்டணமில்லாத கார்டில் வருடம் முழுதும் நான் சேர்க்கும் 480 ரூபாயை அவர் ஆறே நாள் வட்டியில் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வரும் கொசுறில் ஒரு பங்கு அவரைப் போன்றவர்கள் வீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு, இந்த விஷயத்தை வெறும் சாமர்த்தியமாக என்னால் பார்க்க முடியவில்லை.

அவரிடம் அன்றைக்கே சொன்னேன்: வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து இதை முதலில் அடையுங்கள். நகைக் கடன் வருடத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டி இருந்தால் மாதம் 500 ரூபாய்தான் வட்டி. 2,478 எங்கே, 500 எங்கே. நகையை அடகு வைப்பதில் கூச்சப்படும் குடும்பங்கள் கார்டு பாக்கியில் கூச்சப்படுவதில்லை, ஏனென்றால் அது வெளியே தெரியாது. தயவுசெய்து இதை வீட்டில் பேசுங்கள். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே இந்த வட்டியிலிருந்து நம்மைக் காக்கும் ஒரே வேலி, பில் தொகையை முழுதாகக் கட்டுவது.

நம் பக்கம் சில விதிகள் இருக்கின்றன, அவற்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட விதிகளின்படி, கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. உங்கள் சம்மதம் இல்லாமல் கடன் வரம்பை உயர்த்தக் கூடாது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கட்டணத்தை மாற்றினால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். கடைசித் தேதி தாண்டி 3 நாளுக்கு மேலானால்தான் தாமதக் கட்டணம் போடலாம். வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. 'லைஃப்டைம் ஃப்ரீ' என்று வாயால் சொன்னதை நம்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

ஆக, கேட்டவர்களுக்கு என் பதில். தென்னூரில் மாதச் சம்பளத்திலோ பென்ஷனிலோ ஓடும் குடும்பத்துக்குப் பயணக் கார்டு வேண்டாம். ஏசி வகுப்பில் அடிக்கடி போகிறவர்களுக்கு மட்டும் ரயில் கார்டு. வருடத்துக்கு 1,18,000 ரூபாய்க்கு மேல் சொந்தக் காசில், நேரடியாக டிக்கெட் எடுத்துப் பறப்பவர்களுக்கு மட்டும் விமானக் கார்டு. மற்றவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லாத ஒரே ஒரு கார்டு போதும். வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோலும் மளிகையும் சேர்ந்த கார்டைப் பார்க்கலாம். அதையும் பெரிய கடையிலும் பெட்ரோல் பங்கிலும் தேயுங்கள். தெருமுனைக் கடையில் கணக்கிலிருந்து நேராக அனுப்புங்கள் அல்லது ரொக்கம் கொடுங்கள், கடைக்காரரின் 20 ரூபாய் அவரிடமே இருக்கட்டும். போன வருடத்தில் ஒரு மாதமாவது பில்லை முழுதாகக் கட்ட முடியாமல் போனவர்கள் இப்போதைக்கு எந்தக் கார்டும் வாங்க வேண்டாம். இருப்பதை அடைத்து மூடுங்கள்.

யாரும் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் மீன் வாங்குவீர்கள், எங்கள் வீட்டில் இல்லை. உங்களுக்கு வண்டி இருக்கும். எண்கள் மாறும்போது பதிலும் மாறும். போன மூன்று மாதம் எங்கே எவ்வளவு செலவானது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். கார்டு இருந்தால் அதன் கடைசி ஸ்டேட்மென்டையும் கொண்டு வாருங்கள், பாக்கி இருந்தாலும் தயங்க வேண்டாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணி வரை உழவர் சந்தையில் கீரை வைத்திருக்கும் வரிசைப் பக்கம் இருப்பேன். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
தென்னூர், திருச்சிராப்பள்ளி